போர்க்காலப் படங்களும் நாமும்



1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த அதன் படம் பிரசித்தமானது. தளத்தில் ஒரு விமானமேனும் இல்லை. எல்லாம் போரிடப் பறந்துவிட்டன என்றே பார்க்கும் சிறுவன் எண்ணுவான். உண்மையோ, அவை திருகோணமலைக் கரையிலேயே இருந்தன. ஆகவே, படமெடுத்தவர் யார், அதில் இல்லாதது எது என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்கவேண்டும்.

மலைநாட்டுப் படங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படைப் படங்களில் வெள்ளையரே நிற்கின்றனர். அப்படையில் அவர்களுக்கே இடமிருந்தது. 1940இல் பிரித்தானியாவில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலைதான் பங்கீடு. அதற்கும் கொழுந்து பறித்த நம் பூட்டிமாரின் படம் எத்தனை லயங்களில் இருக்கிறது? இருந்தால், பின்புறத்தில் பென்சிலால் பெயரெழுதி (மை கசிந்துவிடும்) நமது வாசிகசாலைக்குக் கொண்டுவாருங்கள்.