வரியைக் குறைச்சாங்க… வேலை எங்கே?

(கோவை பயிற்சிப் பாசறையில் நம் ஐடி விங் தம்பி பேசியதின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)



நான் மெக்கானிக்கல் முடிச்சவன். பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் வேலை தேடினேன். அதனால இந்தத் தலைப்பு எனக்குப் பாடம் இல்லை, அனுபவம்.

2019 செப்டம்பர் 20. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவிச்சாங்க: கம்பெனி வரி 30 சதவீதத்துல இருந்து 22. புதுசா தொழிற்சாலை தொடங்குற கம்பெனிக்கு 15. அரசுக்கு வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும்னு அவங்களே சொன்னாங்க. முதலீடு பெருகும், வேலை வரும்னும் சொன்னாங்க. அன்னைக்கே சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல ஏறுச்சு.

வேலை ஏறுச்சா?

எதிர்க்கட்சி அறிக்கையை விடுங்க. ஒன்றிய அரசோட 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையையே பாருங்க. 2023-24ல பெரிய கம்பெனிகளோட லாபம் 22.3 சதவீதம் கூடியிருக்கு. வேலைவாய்ப்பு? வெறும் 1.5 சதவீதம்!

ஏன் இப்படி? கணக்கு ரொம்ப எளிது. ஒரு கம்பெனி நமக்குத் தர்ற சம்பளம் செலவுக் கணக்குல கழிஞ்சிடும். அது போக மிஞ்சுற லாபத்துக்குத்தான் வரி. அந்த வரியைக் குறைச்சா முதலாளி கையில காசு மிஞ்சும். ஆனா ஆர்டர் இல்லாம எந்த முதலாளியும் புது மெஷின் வாங்க மாட்டார், ஆளும் எடுக்க மாட்டார். ஆர்டர் வரணும்னா மக்கள் கையில காசு புழங்கணும்.

"கொரோனா வந்துடுச்சே, அப்புறம் வசூல் கூடிடுச்சே"னு கேப்பாங்க. கொரோனா வந்தது நிஜம். வசூல் கூடினதும் நிஜம். ஆனா 2023-24ல கம்பெனிகள் கட்டின வரி 9 லட்சம் கோடி சொச்சம், தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடிக்கு மேல. சுமை யார் தோள்ல மாறியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க சித்தப்பா கணபதியில கூட்டாளியோட லேத் பட்டறை வெச்சிருக்கார். பம்ப்செட் பார்ட்ஸ் ஜாப் ஆர்டர். எட்டு பேருக்குச் சோறு போடுற பட்டறை. அது கம்பெனி இல்ல, பார்ட்னர்ஷிப். அதனால 22 சதவீதம் அவருக்குக் கிடையாது. லாபத்துக்கு இன்னைக்கும் 30 சதவீதம்தான்! அவருக்கு ஆர்டர் தர்ற பெரிய கம்பெனிக்கு 22. இது என்ன நியாயம்?

நாங்க தொழிலுக்கு எதிரி இல்லை. கேக்குறது ரெண்டே ரெண்டு. சலுகை வேணுமா, எத்தனை பேருக்கு வேலை கொடுத்தேன்னு கணக்கைக் காட்டு. பெரிய கம்பெனிக்குக் குறைச்ச வரியைச் சின்னப் பட்டறைக்கும் குறை.

இந்தக் கணக்கை உங்க தெரு டீக்கடையில பேசுங்க. கோபப்படாம, நம்பரோட பேசுங்க.



#வேலை_எங்கே