கல்வியும் கருவியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து, இவ்வாண்டு பரிசு பெறும் மாணாக்கர்க்கு ஆளுக்கொரு கைப்பேசி வழங்கலாம் என்னும் யோசனை நம் முன் வந்திருக்கிறது. நெடுநாள் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்னும் முறையில் அதுபற்றிச் சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். யான் புதுமைக்குப் பகைவன் அல்லேன். எழுத்தாணியும் ஏடுங்கூட ஒரு காலத்தில் புதுக் கருவிகளே.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதிக் கற்றனர். சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளின் அநாதை விடுதியை 1789 முதல் மேற்பார்த்து வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இதனைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் கைக்கொண்டார். முன்னே கற்ற சிறுவன் பின்னே வந்தவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்தார். 1797-இல் லண்டனில் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பெரிதும் பரவியது.

காசு செலவில்லாத மணல் கடல் கடந்து புகழ் பெற்றதற்குக் காரணம் யாது? எழுதியது பிள்ளையின் சொந்த விரல். பிழை கண்டால் உடனே அழித்துத் திரும்ப எழுதினான். அருகில் ஒருவர் இருந்து பார்த்தார். இம்மூன்றும் உள்ளவிடத்து எக்கருவியும் கல்விக் கருவியாகும். இல்லாதவிடத்து எத்துணை விலையுயர்ந்ததும் விளையாட்டுப் பொருளேயாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசினர் 2011-இல் மேல்நிலை மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கினர். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இவை எட்டியது பெரும் நன்மையே. 2020 மார்ச்சு மாதம் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, தொலைக்காட்சியும் கைப்பேசியுமே பள்ளிக்கூடங்களாயின. எட்டாம் வகுப்பு வரையுள்ள சிறுவர்க்கு 2021 நவம்பரில்தான் பள்ளிக் கதவு திறந்தது.

அந்நாளில் யானும் கைப்பேசி வழியே பாடம் சொன்னேன். திரையில் 38 பெயர்கள் தோன்றும்; 38 பேரும் கற்கின்றனர் என்று எண்ணி மகிழ்ந்தேன். பள்ளி திறந்தபின், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எழுந்து வாசிக்கச் சொன்னேன். நான்காம் வகுப்பில் சரளமாக வாசித்தவள், எழுத்துக் கூட்டவும் தடுமாறி நின்றாள். விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. அவ்வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. தந்தையார் வேலைக்குப் புறப்படுமுன் காலையில் என் வகுப்பு. அவள் பெயரால் தொடர்பை இணைத்துவிட்டு, அண்ணன் அதில் விளையாடிக்கொண்டிருப்பான். அவள் அடுக்களையில் இருப்பாள். வருகைப் பதிவில் அவள் பெயர் ஒருநாளும் தவறியதில்லை. ஒருமுறை அவள் குரலைக் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன், யான் கேட்கவில்லை. குற்றம் கருவியினது அன்று, என்னுடையதே.

அவ்வாண்டில் அரசினர் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் சேர்ந்த தன்னார்வலப் பெண்மணி ஒருவர், மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து அவளை வாசிக்கச் செய்து கேட்டார். சில மாதங்களில் சிறுமி தேறிவிட்டாள்.

அன்றாட வாழ்விலும் இதுவே நிலை. நம்மவருள் பலர் வணிகர். நம் முன்னோர் எண்சுவடியைக் கொண்டு, முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு வரை மனனம் செய்தனர். இன்று அவ்வளவும் வேண்டுவதில்லை. கணக்கிடும் பொறி உண்டு. 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையால் கைப்பேசியிலேயே பணம் கைமாறுகிறது. ஆயினும் ஒரு சுழியை மிகுதியாக அழுத்திவிட்டால் பொறி ஐயுறாது. ஐயுற வேண்டியவன் மனிதன். அவ்வையத்துக்கு வேண்டிய மனக்கணக்கையேனும் பிள்ளைகட்கு நாம் கற்பித்தாக வேண்டும்.

2022-இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கட்டுரை எழுதித் தரும் இயந்திரமும் மாணாக்கர் கைக்கு எட்டிவிட்டது. கட்டுரை ஆசிரியருக்கு வேண்டும் என்றா அதனை எழுதச் சொல்கிறோம்? எழுதுகையில் பிள்ளையின் எண்ணம் ஒழுங்குபடும் என்றன்றோ! வயலுக்கு நீர் இறைக்க இயந்திரம் வைத்தல் அறிவுடைமை. தேகப்பயிற்சிக்கு இயந்திரத்தை ஓடவிட்டு நாம் படுத்திருத்தல் அறிவுடைமையாமோ? தானே எழுதி முடித்தபின், பிழை காட்டச் சொல்லிக் கேட்பானாயின் அவ்வியந்திரமும் ஒருவாறு மணற்பரப்பைப் போல் உதவும். அது சொல்வதிலும் பிழையுண்டு என்பதை அவன் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆகலின் சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இது. ஆளுக்கொரு கைப்பேசி வேண்டா. அப்பொருளைக் கொண்டு நம் மாணவர் விடுதியின் முன்கூடத்தில் ஒரு வாசகசாலை அமைப்போம். அதில் சில கணினிகளும் நல்ல நூல்களும் இருக்கட்டும். மாலைதோறும் இரண்டு மணி நேரம் அமர்ந்து கற்பிக்க, ஊதியம் பெறும் ஆசிரியை ஒருவர் இருக்கட்டும். மேல்வகுப்பு மாணாக்கர் கீழ்வகுப்பினர்க்குச் சொல்லிக் கொடுக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கே உரியதாகுக. நம் குலத்தார் மட்டுமின்றி அத்தெருவின் பிள்ளைகள் யாவர்க்கும் கதவு திறந்திருப்பதே நம் சங்கத்துக்குப் பெருமை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளையின் அழுகையை அடக்கக் கைப்பேசியை நீட்டாதீர்கள். இரவில் கால்மணி நேரம் அருகே அமர்த்தி, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தறியாத தாய்க்கும் இது இயலும். நெருநல் தடுமாறிய இடத்தில் இன்று தடுமாறவில்லை என்பதை அறியக் காது ஒன்றே போதும்.