ஆறு கயிறு, ஆறு பேர்

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். ஏழு பேரை வரிசையா நிக்க வைக்கணும். ஒரு தடவை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. எத்தனை விதமா நிக்க வைக்கலாம்? காலேஜ்ல படிச்சதுதான்: ஏழு ஃபேக்டோரியல், 5,040.

நமக்கு இது இன்டர்வியூ கேள்வி. இங்கிலாந்து கிராமத்துச் சர்ச்சுகளில் இதைக் கயிறு பிடிச்சு மணியடிச்சே காட்டுறாங்க.

அங்கே சர்ச் கோபுரத்தில் ஐந்து, ஆறு, எட்டு என்று மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கயிறு, ஒரு ஆள். ராகம், பாட்டு எதுவும் கிடையாது. மணிகள் ஒலிக்கிற வரிசையை மாத்திக்கிட்டே போவாங்க. இதுக்கு 'சேஞ்ச் ரிங்கிங்'னு பேர். ஏழு மணியில் அந்த 5,040 வரிசையையும் அடிச்சு முடிக்க சுமார் மூணு மணி நேரம் ஆகும். கையில் பேப்பர் இருக்காது, எல்லாம் மனப்பாடம். எட்டு மணின்னா 40,320. அதையும் 1963 ஜூலையில் லஃப்பரோ என்ற ஊரில் எட்டு பேர் ஆள் மாறாம அடிச்சு முடிச்சாங்க. கிட்டத்தட்ட 18 மணி நேரம்!

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு மணி அரை டன்கூட இருக்கும். அதைச் சக்கரத்தில் மாட்டி, வாய் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி, முழுச் சுற்று சுத்த விடணும். அவ்வளவு கனத்தை நினைச்ச நேரத்துக்கு அடிக்க முடியாது. கொஞ்சம் முந்தலாம், கொஞ்சம் பிந்தலாம், அவ்வளவுதான். அதனால ஒரு மணி ஒரு தடவைக்கு பக்கத்து இடத்துக்கு மட்டும்தான் நகரும்.

பக்கத்துப் பக்கத்து ஸ்வாப்பை மட்டும் வெச்சு எல்லா பர்முடேஷனையும் எடுக்கிற அல்காரிதம் நம்ம துறையில் 1960-களில் பேப்பரா வந்தது. ஆனா 1668-ல் வெளிவந்த 'டின்டினலோஜியா' என்ற மணியடிக்கிற புத்தகத்திலேயே அந்த முறை இருக்கு.

சரி, அல்காரிதத்தை விடுங்க. என்னை யோசிக்க வெச்சது ஆள் கணக்கு. ஆறு மணிக்கு ஆறு பேர் வேணும். ஒருத்தர் வரலைன்னா அன்னைக்கு ஆறு மணி வரிசை கிடையாது. அதனால வாரம் ஒரு சாயங்காலம் பிராக்டிஸுக்கு விவசாயி, டீச்சர், ஸ்கூல் பசங்க, ரிட்டயர் ஆனவங்க எல்லாரும் படியேறி வராங்க. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்ககூட வராங்க. முடிஞ்சதும் நேரா பப்புக்குப் போறது பழைய வழக்கம்.

அந்த மணிகள்தான் ஊருக்குச் செய்தியும் சொன்னது. முன்னாடியெல்லாம் யாராவது இறந்தா, பல ஊர்களில் ஆணுக்கு மும்மூணா மூணு தடவை, பெண்ணுக்கு ரெண்டிரண்டா மூணு தடவை அடிப்பாங்க. அப்புறம் வயசுக்கு ஒரு அடி. வயல்ல நிக்கிறவங்க எண்ணிப் பார்த்தே யாருன்னு தெரிஞ்சுக்குவாங்க. 1940 ஜூனில் அரசு மணிகளை நிறுத்தச் சொன்னது: எதிரி இறங்கினா மட்டும்தான் அடிக்கணும். 1942 நவம்பரில், எல் அலமைன் வெற்றிக்காக மறுபடி அடிச்சாங்க.

முதல் உலகப் போரில் சுமார் 1,400 மணியடிப்பவர்கள் இறந்துபோனாங்க. போர் முடிஞ்சு நூறு வருஷமான 2018-ல், அதே எண்ணிக்கையில் புது ஆட்களைக் கூப்பிட்டாங்க. கேட்டதை விட அதிகம் பேர் வந்தாங்க. ஆனாலும் இன்னைக்கு நிறைய கிராமங்களில் ஆள் தட்டுப்பாடுதான். ஒரே பாதிரியார் பல ஊர்களைப் பார்த்துக்கிறார். எல்லா ஊரிலும் எல்லா ஞாயிறும் ஆராதனை நடக்கிறதில்லை. மணி நல்லாத்தான் இருக்கு, கயிறு பிடிக்கத்தான் கை இல்லை.

நான் இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. எதிர் வீட்டு வாசல்ல ஒரு நாள் செருப்பு குவிஞ்சு கிடந்தது. பார்ட்டின்னு நினைச்சு ஹெட்போனை மாட்டிக்கிட்டேன். அந்த வீட்டு அம்மா இறந்துட்டாங்கன்னு மறுநாள் வாட்ச்மேன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். வாட்ஸ்அப் குரூப்ல நூத்துக்கணக்கில் பேர் இருக்கோம். வயல்ல நின்னவங்களுக்குத் தெரிஞ்சது, பத்தடி தள்ளி இருந்த எனக்குத் தெரியலை.

ரெண்டு நாள் கழிச்சுப் போய் கதவைத் தட்டினேன். தாமதம்தான். ஆனா இப்போ அவர் பேர் எனக்குத் தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.