கழுகு வாராத குன்று

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நின்று அருள்வது திருக்கழுக்குன்றம். நால்வரும் பாடிய திருப்பதி. பௌர்ணமிதோறும் அடியார்கள் வேதகிரியை வலம் வருகின்றனர். மலைமேல் வேதகிரீசுவரரையும், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரையும் வணங்குகின்றனர். மலைச்சரிவிலே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபமும் உண்டு.

நண்பகலில் கழுகுகள் இரண்டு பாறைமேல் இறங்கி, அர்ச்சகர் இடும் அமுதை உண்ணும் காட்சியை யாம் இளமையிற் கண்டு உருகியதுண்டு. முனிவரே அவ்வடிவில் வருவதாகத் தலபுராணம் கூறும். 1990களின் இறுதிக்குப்பின் அவை வந்தில.

காரணம் வினவியோர்க்கு, "கலியின் கொடுமை" என்று யாமும் விடை கூறி அமைந்தோம். அவ்விடை போதாது. அக்குறை இவ்வூர்க்கு மட்டும் உரியதன்று. பாரதமெங்கும் கழுகினம் அருகிய காலம் அது. மாடுகளின் நோவு தீர இட்ட டைக்லோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன்வழியே சென்று, கழுகின் சிறுநீரகத்தைக் கெடுப்பதை ஆய்வாளர் 2004-இல் உணர்த்தினர். 2006-இல் நம் அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது.

பசுவுக்கு இரங்கிச் செய்தது பறவைக்கு நஞ்சாயிற்று! உயிர்கள் யாவும் பசு என்பதன்றோ நம் சித்தாந்தம்? ஓருயிருக்குச் செய்வது மற்றோருயிரைத் தொடும் என்பதை நாம் மறந்தோம்.

ஆதலின் அன்பர்களே, வலம் வருங்கால் மலையை மட்டும் நோக்காதீர். வழியிலுள்ள மரத்தையும் குளத்தையும் மேயும் மாட்டையும் நோக்குங்கள். நெகிழிப் பையை அங்கே எறியாதீர்கள். கழுகுகள் மீண்டும் வருங்கால், அவை இறங்க நஞ்சில்லா நிலம் வேண்டும். அதுவும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.