குரலும் குணமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் மணவாள நகர்வாசி. பக்கத்திலுள்ள ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் எடுக்கும்போது இண்டர்வியூவில் நானும் உட்காருவேன். அங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தாரே சரோஜ் நாராயணசுவாமி, அவரை நம்மில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்போம்? ஆனாலும் 2022-இல் அவர் மறைந்தபோது, சொந்த வீட்டு மனுஷி போன மாதிரி இருந்தது. கண்டிப்பானவர், பொய் சொல்ல மாட்டார் என்று குரலை வைத்தே ஓர் உருவம் கட்டி வைத்திருந்தோம்.

2014-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 64 பேர் சொன்ன 'ஹலோ' என்ற ஒரே சொல்லை 320 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு வினாடிகூட நீளாத சத்தம்! அதை வைத்தே நம்பத்தக்கவர், அதிகாரம் செய்பவர் என்றெல்லாம் மார்க் போட்டார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி போட்டார்கள். பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி தோன்றுவதால் மட்டும் அது உண்மையாகிவிடுமா? குரல் கனமாக இருப்பதும் மெலிசாக இருப்பதும் தொண்டையிலுள்ள குரல்நாண்களின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்தது. நேர்மை அங்கே குடியிருக்கவில்லை.

இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தரப் பரிசோதனைக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவனுக்குக் கோயில் மணி மாதிரி குரல். இன்னொருவனுக்குக் கீச்சுக் குரல். மார்க்கில் முந்தியவன் இரண்டாமவன். ஆனால் "இவன் சொன்னா யார் கேப்பாங்க?" என்று சொல்லி, மணிக்குரல்காரனை ஷிப்ட் பொறுப்பாளராகவும், இவனை அவனுக்குக் கீழேயும் போட்டேன்.

ஆறு மாசம் கழித்து ஒரு நாள் அந்தக் கீச்சுக் குரல் பையன் வந்து, "சார், அளவு கொஞ்சம் கூடுது சார், ஒரு தடவை பாருங்க" என்றான். பொறுப்பாளரைக் கேட்டேன். "அதெல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றான். அந்தக் குரலைக் கேட்டபின் கேஜை எடுத்துப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. மறுவாரம் லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. அந்தப் பையனைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்ல சார், எனக்கு இது பழக்கந்தான்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

பழகிய மனிதரிடம் குரல் பின்னுக்குப் போய்விடும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1967 ஜனவரி 12-இல் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரல் மாறியது. அந்த மாறிய குரலோடுதான் தொடர்ந்து நடித்தார், மேடையேறினார், 1977-இல் முதலமைச்சரும் ஆனார். மக்கள் ஆளை அறிந்திருந்தார்கள். குரல் குறையாகப் படவில்லை. அந்தப் பையனை அறிந்துகொள்ள எனக்கு ஆறு மாசம் இருந்தது. நான்தான் முயலவில்லை.

வேலை தேடும் தம்பி தங்கைகளே, நிதானமாக, வார்த்தையை விழுங்காமல் பேசப் பழகுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது. குரல் பிறவியில் வந்தது. அதற்காகக் கூச வேண்டாம். வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் நண்பர்களே, குரலைக் கேளுங்கள், ரசியுங்கள். ஆனால் முடிவு எடுக்கும் முன் கேஜை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள்.