நாற்று நடுகிற கையும் பட்டாவில் இருக்கிற பெயரும்



ஓர் ஏக்கர் நெல்லுக்கு என்ன செலவு என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். உழவு இவ்வளவு, விதை இவ்வளவு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வரும். ஆனால், போட்ட பணம் யாருடைய கை வழியாக மண்ணுக்குப் போகிறது என்று நாம் கணக்குப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் வருஷம். ஒற்றை நாற்று நடவை, அதாவது திருந்திய நெல் சாகுபடியை, ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம். முறை நல்ல முறைதான். ஏக்கருக்கு 20, 25 கிலோ விதை விட்ட இடத்தில் 3 கிலோ போதும். 14 நாள் நாற்றை வேர்மண்ணோடு எடுத்து, வாடுவதற்குள், குத்துக்கு ஒன்றாக, சதுரமாக 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலாக நட வேண்டும். தென்பெண்ணைப் பாசனத்தில் ஓர் ஊரில் பயிற்சி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஜமக்காளம் விரித்து 30 பேர் உட்கார்ந்தார்கள். டீ கொடுத்தோம், கையேடு கொடுத்தோம். கேள்வியும் நிறையக் கேட்டார்கள். 30 பேரும் ஆண்கள். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

நடவு அன்றைக்கு வயலுக்குப் போய்ப் பார்த்தால், குத்துக்கு நாலு, அஞ்சு நாற்று. அதுவும் ஆழமாக அழுத்தி வைத்திருக்கிறது. "ஏம்மா, ஒற்றை நாற்றுதானே வைக்கச் சொன்னேன்?" என்றேன். நடவு ஆட்களில் மூத்தவராக இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்ட சார் சொன்னீங்க? எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே. ஒத்த நாத்தை வெச்சு நண்டு கடிச்சிட்டா மறுபடி இறங்கி நிரவறது யாரு? இந்தப் பொடிநாத்தைப் பாத்துப் பாத்து வெச்சா ஒரு ஏக்கரு நட ரெண்டு நாளாகும். ரெண்டாம் நாளுக் கூலி நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. நடுகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள், நான் பாடம் நடத்தியதோ நாற்றைத் தொடாத ஆட்களுக்கு! அந்தப் பயிற்சிக்குச் செலவான அரசாங்கப் பணம் அத்தனையும் வாய்க்காலில் போன மாதிரிதான்.

அடுத்த பட்டத்தில் பயிற்சியை நாற்றங்கால் வரப்பிலேயே வைத்தேன். சமையல் முடிந்து வரட்டும் என்று காலை 10 மணிக்கு வைத்தேன். நடவு ஆட்களை அழைத்தேன். கூலியை நாள் கணக்கில் இல்லாமல் ஏக்கர் கணக்கில் முன்கூட்டியே பேசி முடித்தோம். வேர் அறுபடாமல் நாற்றை முறத்தில் வைத்துத் தூக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். களைக்கு உருளும் கருவி வந்ததும் அதைத் தள்ளுகிற வேலை ஆண்களுக்குப் போயிற்று. கைக்களை எடுத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வருமானம் நின்றது. கனம் குறைவான கருவியை வாங்கி அவர்களையே பழக்கியிருக்கலாம். எனக்கு யோசனை வரவில்லை.

இது என் ஒருவனுடைய தவறு மட்டும் இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். வளரும் நாடுகளில் விவசாய வேலை செய்கிறவர்களில் 100-க்கு 43 பேர் பெண்கள். அவர்கள் நடத்தும் பண்ணையில் விளைச்சல் சற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது. உடனே, "பொம்பளைக்கு வெள்ளாமை வராது" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். நிலம், உரம், கடன், பயிற்சி எல்லாம் ஆண்களுக்குக் கிடைக்கிற அளவு அவர்களுக்கும் கிடைத்தால், அவர்கள் வயலில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடும் என்று அதே அறிக்கை கணக்குப் போட்டிருக்கிறது. குறை கையில் இல்லை, கைக்கு வந்து சேர்வதில் இருக்கிறது.

இதனால்தான் வெளிநாடுகளில் பெரிய பணம் போடுகிறவர்களில் சிலர்கூட, ஒரு தொழிலில் இறங்கும் முன் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். இதில் வேலை செய்வது யார், நடத்துவது யார், லாபம் யார் கைக்குப் போகிறது, பெண்கள் எங்கே என்று. பாலின நோக்கு முதலீடு என்று அதற்குப் பெயர். பெயர்தான் புதுசு. 1974-இலேயே அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் தொடங்கிய சேவா சங்கத்துப் பெண்கள், காய்கறி விற்கிறவர்களும் கைவண்டி இழுக்கிறவர்களுமாக 4,000 பேர், ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டு வங்கியே திறந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்கள், 1997-இல் மகளிர் திட்டமாகத் தமிழ்நாடு முழுவதும் பரவின.

ஆனால் ஒன்று. கடன் அவர் பெயரில், பணம் உங்கள் கையில் என்றால் அதில் என்ன முன்னேற்றம்? வாரத் தவணை கட்ட முடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கித் தவிக்கிற தாய்மார்களை நான் தினமும் பார்க்கிறேன். அது முதலீடு இல்லை, தூண்டில். கறவை மாடு வாங்கத்தான் கடன் என்றால், மாடு அவர் பெயரில் இருக்கட்டும், காப்பீடு அவர் பெயரில் இருக்கட்டும், பால் பணம் அவர் கணக்குக்குப் போகட்டும். விடியற்காலை எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறப்பது அவர். பால் சங்கத்தில் உறுப்பினர் நீங்கள்! இதை இந்த வாரமே மாற்றலாம். சங்கச் செயலாளரைப் பார்த்து உறுப்பினர் விண்ணப்பம் கொடுங்கள்.

அடுத்தது நிலம். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் நிலத்தைப் பயிர் செய்து நிர்வகிப்பவர்களில் பெண்கள் 100-க்கு 14 பேர்தான். என் வட்டாரத்தில் ஓர் அம்மா. கணவர் திடீரென்று தவறிவிட்டார். 2 ஏக்கர் நிலம். பட்டாவோ என்றைக்கோ காலமான மாமனார் பெயரில். அந்த வருஷம் சம்பா மழையில் மூழ்கியது. பயிர் செய்தது அவர், நட்டம் அவருக்கு. நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பயிர்க்கடனும் கிடைக்கவில்லை. பங்காளிகள் கையெழுத்துப் போட்டு, பட்டா மாறி வருவதற்கு 3 வருஷம் ஆயிற்று. அதற்குள் இரண்டு மாடுகளையும் விற்றுவிட்டார். இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. அந்த வயலுக்கு நான் பத்துத் தடவை போயிருக்கிறேன். பட்டா யார் பெயரில் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"என் பெண்சாதிக்கு எழுதி வைத்தால் ஊர் சிரிக்குமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். சிரிக்கட்டுமே. சட்டம் எப்போதோ மாறிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதற்குமாக 2005-இலும் செய்த திருத்தங்களால், மகனைப் போல மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இருக்கிற நிலத்தில் ஒரு பகுதியை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதினால், வெளியாருக்கு விற்கிற பத்திரத்தைவிடச் செலவு மிகவும் குறைவு.

முதல் வேலையாக உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பட்டா மாறுதல் செய்துகொள்ளுங்கள். பத்திரம் எழுதுவதானால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பட்டாவில் பெயர் ஏறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வருகிற சம்பாவுக்கு நாற்றங்கால் பயிற்சியை இந்தத் தடவையும் வரப்பில்தான் வைக்கிறோம். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, நடவு ஆட்களை அனுப்பி வையுங்கள். டீ அவர்களுக்கும் உண்டு.