அடுப்படிக்கு மதிப்புத் தேடித் தந்த ஆசிரியை
(யூபிலி விழாவுக்கு முந்தின மாலை பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நாளைய தினம் யூபிலித் திருப்பலி முடிந்ததும் சமபந்தி விருந்து நடைபெறும். கோயிலுக்குப் பின்புறம் இப்பொழுதே அடுப்பு மூட்டியாகிவிட்டது. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவர்கள் இவ்வுரையைக் கேட்க இயலாது. அவர்களைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். அதற்கு முன், உங்களில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஓர் அம்மையாரை நினைவுகூர அனுமதி தாருங்கள்.

அவர்தாம் தங்கம் எலிசபெத் பிலிப். 1921-ஆம் ஆண்டு கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் மனையியல் பயின்றவர். நாடு விடுதலை பெற்ற பின் உணவுத் தட்டுப்பாடு வாட்டிய அந்நாட்களில், லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் பம்பாயில் ஒரு கல்லூரி தோன்றியது. உணவு விடுதி நடத்துவதையும் சமையலையும் சத்துணவு இயலையும் முறைப்படி கற்பிப்பதே அதன் நோக்கம். தாதர் கேட்டரிங் கல்லூரி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அதன் முதல்வராகத் தங்கம் பிலிப் பல்லாண்டுகள் உழைத்தார்.

அதுவரை சமையல் என்பது கைப்பழக்கம், கண்ணளவு. வீட்டிலே தாயிடம் மகளும், வெளியிலே மேஸ்திரியிடம் எடுபிடிப் பையனும் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். அதை நிறுத்து, அளந்து, எழுதி, யாரும் கற்கக்கூடிய பாடமாக்கிய முன்னோடிகளுள் இவர் முக்கியமானவர். ‘மாடர்ன் குக்கரி’ என்னும் இவருடைய இரு தொகுதி நூல் கேட்டரிங் மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாட நூலாயிற்று. 1976-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அக்கல்லூரி அவரைத் தன் கௌரவ முதல்வர் என்றே போற்றியது. 2009 ஜனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இந்த அம்மையாரை நாம் குருமடத்தில் அறியவில்லை. அறிந்த விதத்தைச் சொல்ல நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

நாம் இளங்குருவாக வேறொரு பங்கில் பணியாற்றிய காலம். கூலி வேலை செய்யும் ஒரு தகப்பனார் தம் மகனோடு வந்து, கேட்டரிங் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டார். “பையன் நல்ல மார்க் வாங்கியிருக்கிறானே! கரண்டி பிடிக்கவா இவ்வளவு படிக்க வைத்தீர்?” என்று நாம் கேட்டுவிட்டோம். அவர் தலை குனிந்து, “சாமி, பசிக்கிறவனுக்குப் போடுற வேலைதானே சாமி” என்றார். கடிதம் கொடுத்தோம், மனமின்றிக் கொடுத்தோம்.

அடுத்த விடுமுறையில் அந்தப் பையன் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினான். அதுதான் தங்கம் பிலிப் எழுதியது. பாத்திரத்தின் சுத்தம், உணவின் சத்து, ஒவ்வொரு பொருளின் எடை எனப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். நாம் இழிவாகச் சொன்ன அந்தக் கரண்டிக்குப் பின்னால் ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார் என்று அன்று கண்டோம். இன்று அந்தப் பையன் ஒரு கல்லூரியில் சமையற்கலை ஆசிரியர். அவன் தகப்பனார் காலமாகிவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க நாளை, நாளை என்று தள்ளிப் போட்டோம். கேட்காமலே போயிற்று. இன்று உங்கள் முன்னிலையில் அதைச் சொல்லிக்கொள்கிறோம்.

பிரியமானவர்களே, விருந்தோம்பல் என்று மேடையில் பேசுவது எளிது. திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். நம் அடி அண்ணாமலை வழியாகப் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வருவோருக்கு அன்னமும் மோரும் தருகிறவர்கள், நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. அவ்வளவும் போற்றுகிறோம். ஆனால் அந்தச் சோற்றை வடித்தவர் யார் என்றும் நாம் கேட்பதில்லை!

உயிர்த்த ஆண்டவரை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துக் கரைக்கு வந்த சீடர்களுக்கு அவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அப்பத்தோடு காத்திருந்தார். சாவை வென்ற கைகள் செய்த வேலை அது. அந்த வேலையை இழிவென்று சொல்ல நாம் யார்?

ஆகவே யூபிலிக்காக இரண்டே விண்ணப்பங்கள். பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ சமையல், விடுதிப் பணி கற்க விரும்பினால், நாம் சொன்ன வார்த்தையை நீங்கள் சொல்லாதிருங்கள். இரண்டாவது, நாளை முதல் பந்தியில் இலை போடும்போது, இப்போது அடுப்படியில் இருப்பவர்களை அழைத்து உட்கார வையுங்கள். அவர்கள் கூச்சப்பட்டு மறுப்பார்கள், விடாதீர்கள். பங்குப் பேரவையினரும் நாமும் பரிமாறுவோம். சாம்பார் வாளி நம் கையில் இருக்கும். சிந்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நாம் அந்தப் படிப்புப் படித்தவரல்லவே!

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றின் அடுப்புகளையும், அவற்றின் முன் நிற்பவர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.